பீட் மண்ணில் கடல் ஏறினால்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கோகோபீட் கட்டி, அதாவது தேங்காய் நார்த்துகளை அழுத்திச் செய்த கட்டி, பழக்கப்பட்ட பொருள். ஐந்து கிலோ எடை, பழுப்பு நிறம், பார்க்க சிமெண்ட் கல் மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் உப்பி ஒரு டிரம்மையே நிறைத்துவிடும். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் முதன்முதலாகத் தொட்டி வைத்தபோது, அந்தக் கட்டியைப் போர் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, மண்புழு உரம் கலந்து மிளகாய் நாற்று நட்டேன். பத்து நாளுக்குள் இலை நுனியெல்லாம் நெருப்பில் காட்டியது போலக் கருகிவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். இன்னும் கருகியது.

பக்கத்து மாடியில் பல வருடமாகத் தோட்டம் வைத்திருக்கும் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தார். தொட்டிக்கு அடியில் வடிந்திருந்த நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

“எந்தத் தண்ணில அலசுனீங்க தம்பி?”

“போர் தண்ணிதான்க்கா.”

“அதான். தேங்கா மட்டையிலயே உப்பு இருக்கும். அதுக்கு மேல நீங்க வேற உப்பை ஊத்தியிருக்கீங்க. மழைத்தண்ணில மூணு தடவை அலசணும். அலசினாலும் முழுசா போகாது. கால்சியம் நைட்ரேட்டைக் கரைச்சு ஒரு ராத்திரி ஊறவிடுங்க. அப்பத்தான் உள்ள பிடிச்சிருக்கிறது விடும்.”

உள்ளே பிடித்திருப்பது என்று அவர் சொன்னதை வேதியியல் வேறு வார்த்தைகளில் சொல்கிறது. நார்த்துகளின் மேற்பரப்பு முழுக்க எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள் இருக்கின்றன. உப்பிலுள்ள சோடியம் நேர்மின் அயனி என்பதால் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. அலசும்போது துகள்களுக்கு இடையில் நிற்கும் உப்பு போய்விடும், ஒட்டியது போகாது. அதை இறக்க இரட்டை நேர்மின்னேற்றம் கொண்ட கால்சியம் வந்து இடத்தைப் பிடிக்க வேண்டும்.

கோகோபீட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே பீட் என்ற இன்னொரு மண்ணுக்கு மாற்று என்பதால்தான். ஐரோப்பியத் தோட்டங்களில் காலங்காலமாக நாற்று வளர்க்கப் பயன்பட்டது நிஜமான பீட். அதை வெட்டி எடுப்பதில் இயற்கைக்கு எவ்வளவு சேதம் என்று தெரிந்த பிறகு, பொள்ளாச்சியின் தென்னைநார்த் துகளுக்குக் கப்பலேறும் வாய்ப்பு வந்தது. என் தொட்டியில் நடந்ததன் பெரிய வடிவம், கடலோரப் பீட் நிலங்களில் லட்சக்கணக்கான ஹெக்டேரில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே மழைத்தண்ணீரில் அலசிக் கொடுக்க ஆளில்லை.

மட்காமல் நின்ற செடி

பள்ளிப் பாடத்தில் நிலக்கரி வகைகளைப் படித்தபோது பீட் கடைசி வரியில் வந்துபோயிருக்கும். தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் செடி சாகிறது. தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் கிடையாது என்பதால் அது பாதி மட்கி நின்றுவிடுகிறது. அதன்மேல் அடுத்த வருடத்துச் செடி, அதன்மேல் அடுத்தது. இப்படிச் சேரும் பழுப்புக் கறுப்பு மண்தான் பீட். சேரும் வேகம் வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆயிரம் வருடம் ஆகிறது. அது மண்ணுக்குள் புதைந்து, அழுந்தி, கோடி வருடங்கள் கடந்தால் நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி ஆகிறது. தமிழ்நாட்டிலேயே பீட் இருக்கிறது: நீலகிரியின் சோலைகளுக்கு நடுவே புல்வெளிப் பள்ளங்களில். ஆர். சுகுமார் முதலான இந்திய ஆய்வாளர்கள் அந்தப் பீட்டைத் துளைத்தெடுத்து, அதிலுள்ள கார்பனை வைத்து கடந்த 20,000 ஆண்டுகளில் இங்கே மழை எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று 1993-ல் எழுதினார்கள்.

உலகின் நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் அதில் அடைபட்டிருக்கும் கார்பன் ஏறத்தாழ 60,000 கோடி டன். உலகத்துக் காடுகளில் நிற்கும் மரம், செடி, கொடி எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட இது அதிகம். இந்தக் கார்பனைக் காவல் காப்பது தண்ணீர். நிற்கும் தண்ணீர், அதிலும் பெரும்பாலான இடங்களில் நன்னீர். அந்த நன்னீரின் இடத்தில் கடல்நீர் வந்து உட்காரும்போது நடப்பதை ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. சில விஷயங்கள் நல்லதற்கு நடப்பது போலக்கூடத் தோன்றும்.

கடைசிப் பந்தி

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. குளோரைடு 19 கிராம், சோடியம் ஏறக்குறைய 11 கிராம். இவை நாக்குக்குத் தெரிபவை. நாக்குக்குத் தெரியாத ஒன்று சல்பேட். லிட்டருக்கு 2.7 கிராம் இருக்கிறது. பீட்டின் கதையைத் திருப்பிப் போடுவது இதுதான்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு என்பது மட்கும் செடி. சாப்பிட வந்தவர்கள் நுண்ணுயிர்கள். நமக்கு உணவோடு ஆக்சிஜன் தேவைப்படுவது போல அவற்றுக்கும் மூச்சுவிட ஏதாவது ஒன்று தேவை. ஆக்சிஜனைச் சுவாசிப்பவை முதல் பந்தி. உணவிலிருந்து அதிக ஆற்றல் எடுப்பவை அவைதான். ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டை வைத்து வாழ்பவை உட்காரும், பிறகு இரும்பை வைத்து வாழ்பவை, பிறகு சல்பேட்டை வைத்து வாழ்பவை. எல்லோரும் எழுந்துபோன பிறகு உட்காருவது மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். நன்னீர்ப் பீட்டில் சல்பேட் மிகக் குறைவு. அதனால் கடைசிப் பந்திக்கு இலை நிறையக் கிடைக்கிறது, சதுப்பிலிருந்து மீத்தேன் குமிழிகளாக மேலே வருகிறது.

கடல் புகுந்ததும் சல்பேட் கொட்டுகிறது. ஹைட்ரஜன், அசிட்டேட் என்று மீத்தேன்காரர்கள் நம்பியிருந்த உணவையெல்லாம் சல்பேட்காரர்கள் அள்ளிக்கொள்கிறார்கள். மீத்தேன் குறைகிறது. நூறு வருடக் கணக்கில் ஒரு டன் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இருபது வருடக் கணக்கென்றால் 80 மடங்கு. அப்படியானால் கடலை உள்ளே விடுவது நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் சல்பேட்காரர்கள் சாப்பிடுவதும் அதே கார்பனைத்தான். அது கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. கூடவே அவர்கள் விட்டுச்செல்வது ஹைட்ரஜன் சல்பைடு. இதன் வாசனையைச் சென்னைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. கூவத்துப் பாலத்தைக் கடக்கும்போது மூக்கில் ஏறும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அங்கே சேறு மை போலக் கறுத்திருப்பதற்கும், சல்பைடு இரும்போடு சேர்ந்து உண்டாகும் இரும்பு சல்பைடு ஒரு காரணம். கூவத்தில் சாக்கடை கொடுக்கும் உணவும் முகத்துவாரம் வழியாகக் கடல் கொடுக்கும் சல்பேட்டும் சேர்கின்றன. பீட் நிலத்தில் உணவு ஏற்கெனவே ஆயிரக்கணக்கான வருடமாகச் சேர்ந்து கிடக்கிறது.

சல்பைடு வேர்களுக்கு விஷம். அது இரும்பைப் பிடித்துக்கொள்வதால், இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் விடுபட்டு நீரில் கலக்கிறது. சோடியம் வந்து ஒட்டும் இடங்களில் அதுவரை ஒட்டியிருந்த அம்மோனியம் கழன்று வெளியே வருகிறது. கோகோபீட்டில் கால்சியத்தை வைத்து நாம் செய்யும் வேலையை இங்கே சோடியம் செய்கிறது: கால்சியத்துக்கு வலு அதிகம், சோடியத்துக்கு எண்ணிக்கை அதிகம். இப்படி வெளியேறும் சத்தெல்லாம் பக்கத்துக் கழிமுகத்துக்குப் போய்ப் பாசியை வளர்க்கும்.

ஜெர்மனியில் ராஸ்டாக் நகருக்கு அருகே, பால்டிக் கடலை ஒட்டி ஹ்யூட்டல்மோர் என்ற பீட் நிலம் இருக்கிறது. மேய்ச்சலுக்காக வடிகால் வெட்டி உலர்த்தப்பட்ட நிலம் அது. 2010 வாக்கில் அதை மறுபடி நன்னீரில் நனைத்தார்கள். மூழ்கிய புல் அழுகி மீத்தேன் ஏராளமாக வந்தது. 2018-ல் கடும் வறட்சி. அடுத்து 2019 ஜனவரியில் புயலலை எழும்பி உவர்நீர் உள்ளே ஏறியது. ஆய்வாளர்களுக்கு இப்படியொரு சோதனையைத் திட்டமிட்டுச் செய்ய வாய்ப்பே கிடைத்திருக்காது. எதிர்பார்த்தபடி மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் குறைந்தன, சல்பேட்காரர்கள் பெருகினார்கள். எதிர்பாராதது வேறொன்று. மேலே வரும் மீத்தேனை வழியிலேயே தின்றுவிடும் பாக்டீரியாக்களும் குறைந்துபோயின. உண்டாவதும் குறைந்தது, காவலும் குறைந்தது. ஒரே ஒரு வெள்ளத்துக்குப் பிறகு நல்லதா கெட்டதா என்று மதிப்பெண் போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கயிற்றுக் கட்டில்

வாயுக் கணக்கைவிட எனக்குப் பயமாக இருப்பது நிலமே இறங்கிப்போவது. பீட்டைக் கையில் எடுத்துப் பிழிந்தால் தெரியும், அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மீதி ஒரு பங்கு வேரும் நாரும். கயிற்றுக் கட்டிலில் கயிறுதான் ஆளைத் தாங்குவது போல, உயிருள்ள வேர்ப்பின்னல்தான் அந்த நிலத்தை அதன் உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. நன்னீர்ச் செடிக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. இலை கருகுகிறது, வேர் சாகிறது. கயிறு ஒவ்வொன்றாக அறுந்தால் கட்டில் தொய்வது போல நிலம் தொய்கிறது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் ஆழமாக நிற்கிறது. ஆழமான தண்ணீரில் புதிய செடி முளைக்க முடிவதில்லை. பிறகு அது திறந்த நீர்ப்பரப்பாகவே இருந்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் இது கண்ணால் பார்க்கக்கூடிய அளவுக்கு நடந்திருக்கிறது. தீபகற்பத்தின் தெற்கு முனையில் கேப் சேபிள் என்ற இடத்தில், நிலத்தை விவசாயத்துக்குத் திருத்தலாம் என்று 1920-களில் கால்வாய் வெட்டினார்கள். நன்னீர் வெளியே போக வெட்டிய வழியில் கடல்நீர் உள்ளே வந்தது. கோரை போன்ற ரம்பப்புல் வளர்ந்திருந்த சதுப்பு செத்து, அடியிலிருந்த பீட் சரிந்து, நிலமாக இருந்தது நீர்நிலையாக மாறியது. கால்வாய் ஓரங்கள் ஓதத்தின் இழுப்பில் அரித்து வருடா வருடம் அகலமாயின. அதே எவர்கிளேட்ஸில் நன்னீர்ச் சதுப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் கொடுத்துச் சோதித்துப் பார்த்ததில், நிலமட்டம் இறங்கியதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது செடிகளின், அதிலும் வேர்களின், வளர்ச்சி குறைந்ததுதான். இருக்கும் பீட் வேகமாக மட்குவதைவிடப் புது பீட் சேராமல் போவதே பெரிய இழப்பு.

உப்பு ஏறிய நிலத்தைத் திருத்துவது நமக்குப் புதிதல்ல. 2004 டிசம்பரில் சுனாமி நாகப்பட்டினத்து வயல்களில் உப்பை ஏற்றிவிட்டுப் போனது. மேல்மண்ணில் படிந்த கடல் சேற்றை வழித்தார்கள், ஜிப்சம் போட்டார்கள், மழையை வரப்பு கட்டித் தேக்கி வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். வடகிழக்குப் பருவமழை பெரிய வேலையைச் செய்தது. ஜிப்சம் செய்வதும் அந்த அக்கா சொன்ன கால்சியம் வேலைதான்.

இந்த வைத்தியம் பீட்டுக்கு ஏன் ஆகாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உப்பை வடிக்க வேண்டுமானால் வடிகால் வேண்டும். வடிகால் வெட்டினால் தண்ணீர் இறங்கும், ஆக்சிஜன் உள்ளே போகும், ஆயிரம் வருடத்துப் பீட் மட்க ஆரம்பிக்கும். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட் என்பதால் சல்பேட்காரர்களுக்கு இன்னும் தீனி போட்டதாகும். களிமண் வயலுக்கு மருந்தாக இருக்கும் வடிகால்தான் பீட் நிலத்துக்கு வந்த நோயே.

கடலை வெளியே நிறுத்துவது எது

திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் கடலிலிருந்து கல்லெறியும் தூரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அது எப்படிச் சாத்தியம்? நன்னீர் லேசு, கடல்நீர் கனம். லிட்டருக்கு 25 கிராம் வித்தியாசம். அந்தச் சிறிய வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்கு நேர் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் மிதந்து நிற்கும். கிபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் தனித்தனியாகக் கண்டுசொன்ன கணக்கு இது. திருப்பிப் பார்த்தால் அதே கணக்கு பயமுறுத்துகிறது. மேலே ஒரு மீட்டரை உறிஞ்சி எடுத்தால் கீழே 40 மீட்டர் உப்பு ஏறி வரும். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மேல் நிலத்தடி நீரை இறைத்ததால் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு கடலோரக் கிணறுகள் பலவற்றில் மட்டம் உயர்ந்து உப்பு குறைந்ததும் இதே கணக்கின்படிதான்.

பீட் நிலத்துக்கும் இதுவே பொருந்தும். ஈரமாக, ததும்பத் ததும்ப நிற்கும் பீட்டுக்குள் கடல்நீர் நுழைய இடம் இல்லை. புயலலை வந்து மேலே பரவினாலும் பெரும்பகுதி வழிந்து திரும்பிவிடும். அடுத்த மழை மிச்சத்தைக் கரைத்துவிடும். காய்ந்து வெடித்து மட்டம் இறங்கிய பீட் அப்படி இல்லை. காய்ந்த கோகோபீட் கட்டி தண்ணீரைக் குடிப்பது போல அது கடலைக் குடிக்கும். அதனால்தான் வறட்சிக்குப் பின் வரும் புயல் எல்லாவற்றிலும் மோசமானது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் அல்பமார்ல், பாம்லிகோ என்ற இரண்டு கழிகளுக்கு நடுவே உள்ள தாழ்ந்த தீபகற்பம் பெரும்பாலும் பீட். மரத்துக்கும் பயிருக்குமாக அங்கே மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள். காற்று கடலிலிருந்து பலமாக அடித்தால் அந்த வாய்க்கால் வழியே உப்பு மேலேறுகிறது. சைப்ரஸ், செடார் மரங்கள் நின்ற நிலையிலேயே செத்து, பட்டை உரிந்து, வெள்ளை எலும்பு போல நிற்கின்றன. அங்குள்ளவர்கள் அதைப் பேய்க்காடு என்கிறார்கள். அலிகேட்டர் ரிவர் வனவிலங்குக் காப்பகத்தில் 35 ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிலம் இப்படி மாறிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இன்னும் பெரிய கதை நம் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நியாயவிலைக் கடையில் மாதாமாதம் வாங்கும் அந்த ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட், சுற்றிச் சுற்றி இந்தோனேசியாவுக்கோ மலேசியாவுக்கோதான் போய்ச் சேரும். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கடலோரப் பீட் காடுகளை அழித்து, வாய்க்கால் வெட்டி வடித்து நட்ட தோட்டங்கள் ஏராளம். வடித்த பீட் முதல் ஐந்து வருடத்தில் ஏறத்தாழ 1.4 மீட்டர் இறங்குகிறது, அதன்பிறகு வருடத்துக்கு 5 சென்டிமீட்டர். கடல்மட்டம் உயர்வதோ வருடத்துக்கு 4 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அந்தக் கரைகளில் கடல் ஏறி வரும் வேகத்தைவிட நிலம் இறங்கிப் போகும் வேகம் பத்து மடங்குக்கு மேல். கடல் உயர்வைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். இந்த இறக்கத்தைப் பற்றிப் பேச்சே கேட்பதில்லை என்பது எனக்கு மனவருத்தமாகவே இருக்கிறது.

1990-களின் நடுவில் மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்தை நெல்வயலாக்கும் திட்டத்துக்காக 4,000 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. வாய்க்கால் மட்டும் தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தது. 2015-ல் அந்த மாதிரிக் காய்ந்த நிலங்கள் மாதக்கணக்கில் எரிந்து சிங்கப்பூர் வரை புகை மூடியது. அடுத்த ஆண்டு பீட் நிலங்களை மீட்கத் தனி அமைப்பு உருவானது. அதன் முக்கியமான வேலை மரப்பலகையாலும் மண்மூட்டையாலும் வாய்க்காலை அடைப்பதாக இருந்தது.

உப்புக்காக எரித்த மண்

பீட்டில் கடல் ஏறியதை மனிதர்கள் லாபமாகப் பார்த்த காலமும் உண்டு. நெதர்லாந்தின் ஜீலாந்துப் பகுதியில் இடைக்காலத்தில், கடல்நீரில் ஊறிய பீட்டை வெட்டி உலர்த்தி எரித்து, அந்தச் சாம்பலைக் கரைத்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். நம் மரக்காணத்தில் வெயில் செய்யும் வேலையை வெயில் குறைந்த நாட்டில் மண்ணையே விறகாக்கிச் செய்திருக்கிறார்கள். உப்பு கிடைத்தது, நிலம் பள்ளமானது. வயலுக்காகப் பீட்டை வடித்த பகுதிகளிலும் இதே கதைதான், மண் கரைந்து ஊர் இறங்கியது. இன்று அந்த நாட்டின் கால்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதில் இந்தப் பழைய வேலைகளுக்கும் பங்கு உண்டு.

கடல் மூடிய பீட்டின் நினைவு இன்னும் நீளமானது. நிலக்கரி ஆராய்ச்சியாளர்கள் கந்தக அளவை வைத்தே, அந்தப் பீட் உருவான காலத்தில் கடல் வந்துபோனதா என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தியாவின் பெரும்பாலான நிலக்கரியில் கந்தகம் குறைவு. அஸ்ஸாம், மேகாலயா நிலக்கரியில் மட்டும் மிக அதிகம், ஏனென்றால் அங்கே கடலோரச் சதுப்புகளில் கடலின் சல்பேட் ஏறியது. அது பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாகப் பீட்டுக்குள் உறைந்தது. பல கோடி வருடம் கழித்து மேகாலயாவின் ஜெயின்டியா மலைகளில் எலிவளைச் சுரங்கம் தோண்டி அந்தக் கரியை வெளியே எடுத்ததும், பைரைட் காற்றையும் நீரையும் கண்டு கந்தக அமிலமாகி ஆறுகளில் இறங்கியது. மீன் இல்லாத ஆறுகள் அங்கே உண்டு.

அந்த அமிலத்தைப் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் கேரளத்துக் குட்டநாட்டுக்குப் போகலாம். கடல்மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே நெல் விளைகிற அந்த ஊரில் ஒரு வகை மண்ணுக்குக் கரி என்றே பெயர். கறுத்து, மட்காத மரக்கட்டைகள் புதைந்து, தாவரச் சத்து நிறைந்து, பீட்டுக்கு உறவான மண். காய்ந்தால் அமிலம் ஏறிப் பயிரைக் கொல்லும். கோடையில் வேம்பநாட்டுக் காயல் வழியாக உப்பு ஏறுவதைத் தடுக்க 1976-ல் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது. நெல்லுக்கு அது உதவியது. அதே சமயம், வருடந்தோறும் வந்துபோன உப்புநீர் ஆகாயத்தாமரையைக் கொன்று, அமிலத்தைத் தணித்து, இறாலும் மீனும் கொண்டுவந்ததை மீனவர்கள் மறக்கவில்லை. மதகை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதில் இரு தரப்புக்கும் இன்றுவரை இழுபறி. எனக்கு இரண்டு பக்கத்து நியாயமும் நியாயமாகவே படுகிறது.

உப்பு எந்நேரமும் எதிரி என்றும் சொல்லிவிடக் கூடாது. அலையாத்திக் காடுகள் உப்பிலேயே பீட் உண்டாக்குகின்றன. பெலீஸ் நாட்டுத் தீவுகளில் அலையாத்தி வேர்களால் ஆன பீட் 10 மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கடல் உயர உயர அதுவும் வளர்ந்திருக்கிறது. உப்பு மெதுவாக வந்தால், உப்பைத் தாங்கும் செடி வந்து குடியேற நேரம் கிடைக்கும். வாய்க்கால் வழியே ஒரே புயலில் வந்தால் அந்த நேரம் கிடையாது.

ஒக்கியம் மடுவுக்கு மேற்கே

எங்கள் பகுதியை ஒட்டிய பள்ளிக்கரணையைப் பீட் நிலம் என்று சொல்ல முடியாது. அது களிமண் சதுப்பு. பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். ஆனால் மேற்கிலிருந்து ஏரிகளின் உபரி நன்னீர் வந்து சேர்வதும், ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாய்க்கும் முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கும் போய்க் கடலைத் தொடுவதும், கோரைக்கு அடியில் அதே பந்தி நடப்பதும் உண்மை. 2022-ல் ராம்சார் தளம், அதாவது சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஈரநிலம், ஆனது. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேராக இருந்ததில் அந்த அறிவிப்புக்குள் வந்தது 1,250 ஹெக்டேர் போல. மீதியில் குப்பை மேடும் கட்டிடமும் சாலையும் வந்துவிட்டன. எங்கள் தெருவும் அந்த மீதியில் சேர்ந்ததுதான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோது, சீக்கிரம் வடிய வேண்டும், மடுவை அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்த வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்டோம். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் கேப் சேபிளிலும் வட கரோலினாவிலும் கலிமந்தானிலும் நடந்ததைப் படித்த பிறகு, அந்தக் கோரிக்கையோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்தே கேட்கத் தோன்றுகிறது. டிசம்பரில் தண்ணீர் வெளியேற வெட்டும் வழி மே மாதத்தில் என்ன செய்யும்? அதற்கு ஒரு மதகு உண்டா, சதுப்பில் எந்த மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கக் கூடாது என்று ஒரு அளவு உண்டா? இந்தோனேசியாவில் பீட் தோட்டங்களுக்கு அப்படி ஒரு அளவைச் சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள்: நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. துளையிட்ட பிவிசி குழாயை மண்ணில் இறக்கி, டேப்பை விட்டு அளக்கிறார்கள். எல்லா இடத்திலும் அது கடைப்பிடிக்கப்படுவதில்லை. ஆனால் அளவு என்று ஒன்று இருப்பதால் மீறல் என்று ஒன்றைக் காட்ட முடிகிறது.

எங்கள் குடியிருப்பில் மூடி போட்ட ஒரு பழைய உறைகிணறு இருக்கிறது. மாடியின் மழைநீரெல்லாம் அதில்தான் இறங்குகிறது. போன வருடத்திலிருந்து மாதம் ஒருமுறை முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுப் பார்க்கிறேன். ஜனவரியில் மேலிருந்து நாலாவது முடிச்சு நனைந்தது. மே கடைசியில் பதினோராவது. அன்றைக்கு இறைத்த ஒரு டம்ளர் தண்ணீரை அக்காவிடம் கொடுத்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதை நாத்துக்கு ஊத்தாதீங்க” என்றார்.